திருக்கனூருக்கு நான் ஏன் போனேன்

பாப்பா,

இந்தக் கடிதம் உன் சாப்பாட்டுப் பையில், டப்பாவுக்கு அடியில் இருக்கும். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது கண்ணில் படும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். உன் அம்மாவும் அதைத்தான் கேட்டாள். "பக்கத்து ரூம்ல இருக்கற பொண்ணுக்கு லெட்டரா? ஸ்டாம்பு ஒட்டுவியா, இல்ல கையிலயே குடுப்பியா?" என்றாள். சிரிக்கட்டும். நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், உனக்கும் தெரியும். பேச ஆரம்பித்த மூன்றாவது வார்த்தையில் உத்தரவு போடத் தொடங்கிவிடுவேன். எழுதும்போது அது நடப்பதில்லை. ஒரு சொல்லை முடித்து அடுத்த சொல்லுக்குப் போவதற்குள் கை வலிக்கிறது. அந்த இடைவெளியில் யோசனை வந்து உட்கார்ந்துகொள்கிறது. செவ்வாய்க்கிழமை தொடங்கினேன், இன்று வெள்ளி. எழுத்தறிவு வகுப்பு டீச்சர் பிழைகளைத் திருத்திக் கொடுத்தார். சொல்லெல்லாம் என்னுடையது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் நிச்சயத்தன்று தட்டு மாற்றும்போது, கல்யாணத்துக்குப் பிறகு நீ வேலையை விட்டுவிடுவாய் என்று வாக்குக் கொடுத்தேன் அல்லவா? திங்கட்கிழமை திருக்கனூர் போய், மாப்பிள்ளை வீட்டாரிடம் அந்த வாக்கைத் திரும்பக் கேட்டுவிட்டு வந்தேன். வில்லியனூரில் வேலை இருக்கிறது என்று உன்னிடம் சொன்னது பொய். வில்லியனூரில் பஸ் மாறியதோடு சரி.

ஐப்பசியில் அவர்கள் நம் வீட்டுக்கு வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். விதையும் புண்ணாக்கும் விற்கும் கடைக்காரக் குடும்பம். நல்ல மனிதர்கள், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். மாப்பிள்ளையும் நீயும் போனில் பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அந்தப் பேச்சுக்குப் பிறகு நீ பாத்திரம் கழுவும் சத்தமே வேறு மாதிரி இருக்கும். அதனால்தான் இந்த இடம் நழுவிவிடக் கூடாது என்று எனக்குள் ஒரு பதற்றம். எல்லாம் பேசி முடித்துத் தட்டைக் கையில் எடுக்கிற நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா, "கல்யாணத்துக்கு அப்பறம் பொண்ணு வேலைக்குப் போவணும்னு இல்லீங்களே சம்பந்தி? கடையில கல்லாவுல உக்கார வூட்டு ஆளு ஒண்ணு வேணும்" என்றார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான், "வேலைய வுட்டுடும். நான் வாக்கு குடுக்கறேன்" என்றேன். நம் பக்கத்தில் வெற்றிலைத் தட்டின் மேல் சொன்ன சொல் அச்சடித்த பத்திரிகையைவிடக் கெட்டி. எல்லாரும் தலையாட்டினார்கள். நீ உள்ளிருந்து காப்பித் தட்டோடு வந்தாய். ஒரு டம்ளர்கூட ஆடவில்லை. அதைப் பார்த்து உனக்குச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் வண்டி தெரு முனை திரும்பியதும் உன் அம்மா பிடித்துக்கொண்டாள். "அது யாரோட வேல? ஓட்டுற கழனிய நீ வுட்டுடுவேன்னு நான் நாலு பேர் நடுவுல வாக்கு குடுத்தா ஒத்துக்குவியா?" என்று கேட்டாள். "பொம்பளப் புள்ள வேலையும் கழனியும் ஒண்ணா?" என்றேன். இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும்.

உன் வேலையை நான் அவ்வளவு சுலபமாகத் தூக்கிக் கொடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நீ என்ன வேலை செய்கிறாய் என்றே எனக்குத் தெரியாது. சயின்ஸ் சென்டர் என்று நீ சொன்னாய். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஏதோ பொம்மை காட்டுகிறாய் என்று புரிந்துகொண்டேன். பி.எஸ்ஸி. படித்த பெண் பொம்மை காட்டுகிறாள் என்று சொல்ல வெட்கப்பட்டு, உறவுக்காரர்களிடம் "பாண்டியில ஆபீஸ் வேல" என்று சொல்லிவந்தேன். திருக்கனூர்க்காரர்களிடமும் அதையே சொல்லியிருந்தேன். ஆபீஸ் வேலை என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. நானும் உன்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

கேட்காதது என் பழைய குணம். உனக்கு எட்டு வயது இருக்கும்போது நம் கிணற்றில் தண்ணீர் ரொம்பக் கீழே போய்விட்டது. கிணற்றுக்குள் பக்கச் சுவரில் மேடை போட்டு, மோட்டாரைக் கயிறு கட்டி இறக்கிக்கொண்டிருந்தோம். நீ மேலே நின்றபடி, "ஏம்ப்பா மோட்டார கீழ எறக்கறீங்க? மேலயே வெச்சிட்டு நீட்டு பைப்பா போடக் கூடாதா?" என்றாய். "இழுக்காது" என்றேன். "ஏன் இழுக்காது?" என்றாய். "இழுக்காதுன்னா இழுக்காது. போ வூட்டுக்கு" என்று விரட்டினேன். எனக்குப் பதில் தெரியாது பாப்பா. என் அப்பா இறக்கினார், நானும் இறக்கினேன், அவ்வளவுதான். ஆட்கள் எதிரில் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நீ அழவில்லை. நாலு தடவை திரும்பித் திரும்பிக் கிணற்றைப் பார்த்துக்கொண்டே போனாய். பிறகு நீ பிசிக்ஸ் எடுத்தபோது, "ரெண்டு பஸ்ஸு மாறிப் போய் அப்படி இன்னா படிப்பு" என்று நான் குறுக்கே நின்றதும், உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்து ஜெயித்ததும் உனக்குத் தெரிந்த கதைதான்.

இப்போது கார்த்திகை மாதத்துக்கு வருகிறேன். எங்கள் எழுத்தறிவு வகுப்பை டீச்சர் ஒரு சனிக்கிழமை வேன் வைத்துப் பாண்டிக்கு அழைத்துப் போனார். பதினான்கு பேர், எல்லாரும் பேரன் பேத்தி எடுக்கும் வயதுக்காரர்கள். எந்த இடத்துக்குப் போகிறோம் என்று தெரிந்தும் நான் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் வர வேண்டாம் என்பாயோ என்று ஒரு பயம் இருந்தது. வாசலில் ஒரு பலகை இருந்தது. நான் நின்று படித்தேன். "எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள்" என்று எழுதியிருந்தது. நம்ப முடியாமல் மறுபடி படித்தேன். படிக்கத் தெரிந்த இந்த ஒரு வருஷத்தில் நான் படித்த பலகைகளில் பாதி தொடாதே, உட்காராதே, உள்ளே வராதே என்கிற பலகைகள்தான். பேங்கிலும் அப்படித்தான், ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். தொடு என்று சொன்ன பலகை இதுதான் முதல்.

பலகை சொன்னாலும் எங்களுக்குக் கை வரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றோம். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனால் நிற்பது போல. எங்களோடு வந்த முனியம்மா அக்காதான் கேட்டாள். "தொட்டு எதுனா ஒடஞ்சிப் போச்சின்னா யாரு குடுக்கறது?" அப்போது நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு நீ வந்தாய். "ஒடஞ்சா நாங்க ஒட்டிக்கறோம் ஆயா. தொடாம போனீங்கன்னாதான் எங்களுக்கு நஷ்டம்" என்றாய். முனியம்மா அக்கா உன்னை உற்றுப் பார்த்துவிட்டு, "அடியே, இது நம்ம தெரு பொண்ணுடி" என்று கூட்டத்தைத் திருப்பினாள். எல்லாரும் உன்னை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். நீயும் பார்த்தாய். ஒரு நொடிதான். அப்புறம், "இங்க நான் டூட்டில இருக்கேன் ஆயா. தெருக் கத எல்லாம் சாயங்காலம்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "ஐயா, நீங்க முன்னாடி வாங்க. இந்த நாற்காலியில உக்காருங்க" என்றாய். என் பெண் என்னை ஐயா என்று கூப்பிட்டதும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. போய் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நாற்காலியில் கயிற்றைப் பிடித்து இழுத்து என்னை நானே தூக்கிக்கொண்டது இன்றைக்கும் தோளில் நிற்கிறது. ஒற்றைக் கப்பியில் இழுத்தபோது மூச்சு வாங்கியது. நாலு கப்பி போட்ட நாற்காலியில் இழுத்தபோது குழந்தையைத் தூக்குவது போல என் உடம்பு மேலே போனது. "எடை கொறஞ்சிச்சா ஐயா?" என்று கேட்டாய். "இல்ல, கயிறுதான் நெறைய வருது" என்றேன். "கரெக்ட். லேசா இழுக்கறீங்க, ஆனா நாலு மடங்கு நீளம் இழுக்கறீங்க. சும்மா யாரும் எதையும் தர மாட்டாங்க" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சுழலும் நாற்காலியில் கையை நீட்டினால் மெதுவாகவும் மடக்கினால் வேகமாகவும் சுற்றினேன். அறுபத்தாறு வயதில் சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்து இறங்கினால், முனியம்மா அக்கா, "யோவ், பொண்ணுக்கு கல்யாணம் வெச்சிகினு நீ ராட்டினம் சுத்தறியா" என்றாள். மனது நிறைந்திருந்தது. பிள்ளைகளுக்கென்று வைத்திருக்கும் இடத்தில் எனக்கும் ஒரு நாள் கிடைத்தது என்று நினைத்தேன்.

தண்ணீர்க் குழாய் வைத்திருந்த இடத்தில் நீ காற்றின் பலத்தைப் பற்றிச் சொல்லி முடித்து, "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றாய். என் வாயிலிருந்து அது தானாக வந்தது. "ஏம்மா, கெணத்துல தண்ணி கீழ போனா மோட்டார ஏன் உள்ள எறக்கணும்? மேலயே வெச்சிட்டு நீட்டு பைப்பா போட்டா ஏன் இழுக்கல?" கோட்டுப் பையில் கையை விட்டு எதையோ தேடுவது போல நின்றாய். பிறகு சொன்னாய். "நல்ல கேள்வி ஐயா. மோட்டார் தண்ணிய இழுக்கறதே இல்ல. பைப்புல இருக்கற காத்த வெளிய எடுக்குது, அவ்வளவுதான். கெணத்துத் தண்ணி மேல இருக்கற காத்து அமுக்கித்தான் தண்ணிய மேல ஏத்துது. அந்தக் காத்துக்கு பலம் அவ்வளவுதான். இருவது இருவத்தஞ்சி அடிக்கு மேல அதால ஏத்த முடியாது. பைப்பு எத்தினி நீட்டா போட்டாலும் வராது. அதனாலதான் மோட்டார் தண்ணி கிட்ட போவணும்." நாற்பது வருஷம் மோட்டாரை ஏற்றி இறக்கியவன் நான். எனக்கு அன்றுதான் புரிந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டு ஒரு பதிலைக் கேட்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெரிய கிண்ணங்கள். ஆள் உயரக் கிண்ணம் ஒன்று இந்தச் சுவரோரம், இன்னொன்று நாற்பதடி தள்ளி அந்தச் சுவரோரம், ஒன்றையொன்று பார்த்தபடி. ஒரு கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து ரகசியம் பேசினால் மற்றக் கிண்ணத்தின் முன்னால் இருப்பவருக்குக் காதோடு சொல்வது போலக் கேட்கும் என்றாய். என்னை ஒன்றிலும் முனியம்மா அக்காவை மற்றதிலும் உட்கார வைத்தாய். அந்த அம்மாள் சொன்ன ரகசியம், "பேரு எழுதக் கத்துக்க ஆறு மாசம் ஆச்சேய்யா ஒனக்கு" என்பதுதான். நடுவில் எத்தனையோ பேர் பேசிக்கொண்டிருந்தும் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

பிறகு எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள். எனக்கு முழங்கால் வலித்ததால் நான் திரும்பி வந்து அதே முக்காலியில், கிண்ணத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் என் காதுக்குள் ஒரு பெண் குரல் கேட்டது. "கல்யாணத்துக்கு அப்பறமும் வருவ இல்ல?" என்றது. அடுத்தது உன் குரல். நீயும் உன்கூட வேலை செய்கிற பெண்ணும் அந்தப் பக்கக் கிண்ணத்தைத் துடைக்க வந்திருக்கிறீர்கள் என்று புரிந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று தெரியும். எழுந்திருக்கவில்லை. அந்தத் தப்பையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"இல்லடி. தையோட சரி. அப்பா வாக்கு குடுத்துட்டாரு" என்றாய்.

"நீ முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா அவரு தல குனியணும்டி. அத்தினி பேர் நடுவுல சொல்லிட்டாரு. இங்க வந்து நின்னு அந்த மோட்டார் கேள்விய அவரே கேட்டாரு பாரு, அது போதும் எனக்கு."

துணி தேய்க்கும் சத்தம் வந்தது. பிறகு உன்கூட இருந்த பெண், "அழுதுகினே தொடைச்சா கறை போவாதுடி, ஈரந்தான் ஆவும்" என்றாள். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பும் கேட்டது.

அங்கே உட்கார்ந்திருந்தது நான் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்கப்போவதில்லை. நீ அந்தக் கிண்ணத்தின் வேலையைத் தினமும் நாலு கூட்டத்துக்குச் சொல்கிறவள். என் முதுகை இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறவள். எப்படியிருந்தாலும் நான் கேட்டது கேட்டதுதான். வீட்டில் இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்காத பேச்சு நாற்பதடி தூரத்தில் இருந்து வந்தது.

அன்று வேனில் எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தேன். நான் தலை குனியக் கூடாது என்று நீ குனிந்திருக்கிறாய். அதைப் பார்த்து நான் சம்மதம் என்று நினைத்திருக்கிறேன். பாப்பா, நீ போகிற வீட்டிலும் இதைச் செய்துவிடாதே. உன் மௌனத்தை மற்றவர்கள் தங்களுக்குச் சௌகரியமாகத்தான் படிப்பார்கள், நான் படித்தது போல. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். சொல்லிவிட்டுக் காப்பி கொடு. அதற்குள் காப்பி ஆறிப்போகாது.

இவ்வளவு தெரிந்த பிறகும் திருக்கனூர் போக எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. கொடுத்த வாக்கைத் திரும்பக் கேட்டு நம் குடும்பத்தில் யாரும் போனதில்லை. கல்யாணம் நின்றுபோனால் என்ன செய்வது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. அந்தப் பையனை உனக்குப் பிடித்திருக்கிறது. என் ஒரு வாயால் உன் வேலையைக் கொடுத்தேன், அதே வாயால் உன் கல்யாணத்தையும் கெடுத்துவிடுவேனோ என்ற பயம்தான். கடைசியில் உன் அம்மாதான் தட்டை எடுத்துக் கழுவி, வெற்றிலை பாக்கு பழம் வைத்துத் துணியில் கட்டிக் கொடுத்தாள். "பாப்பாகிட்ட கேட்டுட்டுப் போவட்டுமா?" என்றேன். "கேட்டா வேணாம்னுதான் சொல்லும், ஒனக்காவ. வாக்க வாங்கிகினு வந்து அப்பறம் கேளு" என்றாள். அது சரிதான். நான் எடுத்துக் கொடுத்ததை நான்தான் திரும்பக் கொண்டுவந்து உன் கையில் வைக்க வேண்டும்.

கடையில் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். இரண்டு மூன்று விவசாயிகள் விதை வாங்க நின்றிருந்தார்கள். தட்டைப் பார்த்ததும் அவர் பத்திரிகை விஷயமாக வந்திருக்கிறேன் என்று நினைத்து நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. தட்டை மேசையில் வைத்து, "சம்பந்தி, நீங்க யாவாரம் பண்றவங்க, ஒங்களுக்குப் புரியும். கையில இல்லாத சரக்குக்கு நான் வெல பேசிட்டேன். வேலைய வுட்டுடும்னு சொன்னேனே, அது எம் பொண்ணு சொல்ல வேண்டிய வாக்கு. அத்தக் கேக்காம நான் எடுத்துக் குடுத்துட்டேன். திருப்பிக் குடுங்க" என்றேன்.

அவர் முகம் மாறிப்போயிற்று. "தட்டு மாத்தன அப்பறம் பேச்ச மாத்தறதா? பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சி. எங்க ஜனங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்றார். "பொண்ணு மேல தப்பு இல்ல, பொண்ணோட அப்பா மேலன்னு சொல்லுங்க. நெசம் அதான்" என்றேன். மாப்பிள்ளையின் அம்மா கல்லாவில் இருந்தபடியே கேட்டார். "ஆபீஸ் வேலன்னுதான சொன்னீங்க. அத்த வுட இவ்வளவு யோசனையா? அங்க அது இன்னாதான் பண்ணுது?"

ஆபீஸ் என்று சொன்னதும் பொய் என்று ஒத்துக்கொண்டேன். நீ என்ன செய்கிறாய் என்று சொல்லப் பார்த்தேன். காற்று, கப்பி, கிண்ணம் என்று வாய் குழறியது. அவர்கள் இரண்டு பேரும், விதை வாங்க வந்தவர்களும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேறு வழி தெரியாமல், நாங்கள் டீ குடிக்கப் போகும்முன் நீ எங்களைச் சுவரோரம் நிற்க வைத்துத் துண்டை எடுக்கச் சொன்னாயே, அதைச் செய்தேன். குதிகாலையும் முதுகையும் சுவரோடு ஒட்டி நின்று, துண்டைக் காலுக்கு முன்னால் போட்டு, முழங்காலை மடக்காமல் எடுக்கப் போனேன். முன்னால் விழுந்தேன். விதை வாங்க வந்தவர் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"வயசாயிடிச்சி ஒங்களுக்கு" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"நீங்க எடுங்க பாக்கலாம்" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் போய் நின்றார். குனிந்தார். புண்ணாக்கு மூட்டை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். "இரு, இரு" என்று மறுபடி நின்றார். மறுபடியும் மூட்டைதான். பக்கத்தில் நின்றவர், "மொதலாளி, தொப்பைய கழட்டி கல்லாவுல வெச்சிட்டு குனிங்க" என்றார். பிறகு அவரும் முயன்று பார்த்து அவரும் மூட்டையில் விழுந்தார். அந்த அம்மாள் எழுந்து வந்து, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்று பார்த்து, விழுவதற்கு முன்னாலேயே நிறுத்திக்கொண்டார். "இது ஏன் வரல?" என்று என்னைக் கேட்டார். நீ சொன்னதை அப்படியே சொன்னேன். குனியும்போது நம் பின்பக்கம் பின்னால் போகிறது, அதனால்தான் எடை பாதத்தின் மேல் நிற்கிறது. சுவர் அதைப் பின்னால் போக விடுவதில்லை, அதனால் விழுகிறோம். "தெனமும் குனியறோம், ஒரு நாளும் தெரியல பாரேன்" என்றார் அவர். "இதத்தான் எம் பொண்ணு பண்ணுது. தெனமும் நூறு பேருக்கு" என்றேன்.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி ஆகவில்லை. மாப்பிள்ளையின் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு, "வெளையாட்டு வேற, வாக்கு வேற" என்றார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "நீங்க அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. ஒங்க பேச்ச நான் எப்பிடி நம்பறது? பொண்ணு வாயால வரட்டும். ஞாயித்துக்கெழம நாங்க வரோம். இந்தத் தட்ட கொண்டாறோம். அது சொல்றதக் கேட்டுட்டு மேல பேசலாம்" என்றார். நியாயமான பேச்சு. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் தட்டை அன்றே திருப்பியிருப்பேன்.

மாப்பிள்ளை அப்போதுதான் கடைக்கு வந்தான். அவன் அம்மா எல்லாவற்றையும் சொன்னார். என்னோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்தான். "மாமா, எனக்கு அவ வேலை தெரியும். போன்ல தெனமும் அதத்தான் பேசுவா. அன்னிக்கே நான் வாயத் தொறந்திருக்கணும். பெரியவங்க பேசறாங்கன்னு தலையாட்டிகினு உக்காந்துட்டேன்" என்றான். "நானும் அப்பிடித்தான் ஒக்காந்திருப்பேன் ஒன் வயசுல" என்றேன். "ஞாயித்துக்கெழம பேசுவேன் மாமா" என்றான். பேசுவானா என்று பார்ப்போம். பேசினால் நல்ல பையன். பேசாவிட்டால் அதையும் நீ இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

நான் கடையை விட்டு இறங்கும்போது அந்த அம்மாள் சொன்ன ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நீயே அதற்கு அர்த்தம் பார்த்துக்கொள். கல்லாவில் சில்லறை அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "இங்கருந்து பாண்டிக்கு எட்டு மணி வண்டியில கால் வெக்க எடம் இருக்காது. ஏழரை வண்டின்னா உக்காந்துகினு போலாம்" என்றார். அவர் வீட்டுக்காரர் காதில் அது விழுந்தது. விதை வாங்க வந்தவருக்கு அளந்து போடப் போனார்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருகிறார்கள். நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதப்போவதில்லை. வேலைக்குப் போகிறேன் என்றால் போ. கடையில் உட்கார உனக்கே ஆசை என்றால் அதையும் சொல். யோசிக்க நாள் வேண்டும் என்றால் கேட்டு வாங்கிக்கொள். அவர்கள் எழுந்து போய்விட்டால், பந்தல்காரனுக்கும் சொந்தக்காரர்களுக்கும் பதில் சொல்வது என் வேலை. தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அவர்கள் பேச்சை நான் பார்த்துக்கொள்கிறேன். உனக்காகத் தைரியமாக இருக்கிறேன் என்று நினைக்காதே, எனக்கு இப்போதும் பயம்தான். ஆனால் மூன்று வாரமாக இறங்காத சோறு திங்கட்கிழமை ராத்திரி இறங்கியது.

ஜமக்காளம் நிச்சயத்தன்று விரித்த இடத்திலேயே விரிக்கச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். நீ உள்ளே நிற்க வேண்டாம், வந்து உட்கார். கேள்வி வரும்போது பழக்கத்தில் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பா